இஸ்திரிப் பலகையைத் திருத்திய சாரா பூன்

பெரம்பலூரிலும் அரியலூரிலும் பல வீடுகளில் இன்றும் கட்டில்மீதோ தரையிலோ போர்வையை விரித்துத்தான் துணி தேய்க்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவிலோ இரு நாற்காலிகளின் குறுக்கே ஒரு பலகையை வைத்துத் தேய்ப்பது வழக்கம். பலகை சற்றே ஆடினாலும் சூடேறிய இரும்பு காலில் விழும்.

அந்த அல்லலை அறிந்தவர் தையல் தொழிலாளியான சாரா பூன். வட கரோலினாவில் 1832-இல் அடிமைத்தளையில் பிறந்த கறுப்பினப் பெண். விடுதலை பெற்றபின் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் குடியேறினார். அடிமைகளுக்கு எழுத்தறிவு மறுக்கப்பட்ட காலம் அது. எழுதப் படிக்க அவர் கற்றதே நடுவயதில்தான்.

இஸ்திரிப் பலகைக்கு அவருக்கு முன்பே காப்புரிமை பெற்றவர்கள் உண்டு. ஆனால், பெண்களின் இறுக்கமான சட்டைக்கைகளை அகன்ற பலகையில் சுருக்கம் விழாமல் தேய்க்க இயலவில்லை. சாரா தம் பலகையைக் குறுகலாக, தையலின் வளைவுக்கேற்ப அமைத்தார்; திருப்பிப் போட்டு இருபுறமும் தேய்க்க வழி செய்தார். 1892 ஏப்ரல் 26 அன்று 473653 என்ற எண்ணுள்ள காப்புரிமை அவருக்குக் கிடைத்தது. 1904-இல் அவர் மறைந்தார்.

ஒரு பொருளின் குறையை அதைக் கையாளும் கையே முதலில் அறியும். ஆடாத, சரியாத பலகையை வடிவமைக்க நம் பொறியியல் மாணவர்கள் முனைந்தால், அவர்கள் முதலில் கேட்க வேண்டியது அன்றாடம் துணி தேய்ப்பவர்களிடமே.