குழந்தையோடு படிக்கப் போனவர்



பண்டித ரமாபாய் 1858-ல் பிறந்தார். பெண்கள் படிக்கக் கூடாதுன்னு சொன்ன அந்தக் காலத்திலேயே பெற்றோர் அவருக்கு சமஸ்கிருதம் சொல்லிக் கொடுத்தாங்க. பதினாறு வயதில் பஞ்சத்தில் பெற்றோரை இழந்தார். 1882-ல் கணவரும் காலராவில் இறந்துவிட்டார். மகள் மனோரமாவுக்கு அப்போ ஒரு வயசுகூட ஆகல.

ஆனாலும் டாக்டருக்குப் படிக்கணும்னு ரமாபாய் ஆசைப்பட்டார். பணத்துக்கு என்ன செய்தார் தெரியுமா? பெண்களுக்காக மராத்தியில் ஒரு புத்தகம் எழுதினார். அது விற்ற காசில் 1883-ல் குழந்தையோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

காது சரியாகக் கேட்காததால் டாக்டர் படிப்பு கிடைக்கவில்லை. அவர் சோர்ந்து போகல. செல்ட்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் சமஸ்கிருதம் சொல்லிக் கொடுத்துக்கிட்டே ஆங்கிலம், கணக்கு, அறிவியல் எல்லாம் படித்தார்.

1889-ல் பம்பாயில் சாரதா சதன் என்ற பள்ளியைத் தொடங்கினார். விதவைப் பெண்கள் அங்கே தங்கிப் படித்தார்கள். மனோரமாவும் பின்னாளில் பி.ஏ. பட்டம் பெற்று, அம்மாவுக்குத் துணையாக வேலை செய்தார். 1922-ல் ரமாபாய் மறைந்தார்.

கல்யாணம் ஆயிடுச்சு, பிள்ளை இருக்கு, இனிமே என்ன படிப்புன்னு எங்க தெருவில் பல அக்காமார் சொல்றாங்க. அவங்களுக்கு நான் ரமாபாய் கதையைத்தான் சொல்லப் போறேன். நீங்களும் சொல்லுங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி