சியாமின் அன்னையைத் தந்த சானே குருஜி

மராட்டிய மக்கள் தாயன்பைப் பேசுங்கால் தவறாது நினைவுகூரும் நூல் ‘சியாம்சி ஆயி’. சியாமின் அன்னை என்பது அதன் பொருள். அதனை இயற்றிய சானே குருஜி இப்புனே நகரில் கல்வி பயின்றவர். நம் தமிழையும் விரும்பிக் கற்றவர். அன்னாரின் வாழ்வை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் கடமையாகும்.

பாண்டுரங்க சதாசிவ சானே 1899 டிசம்பர் 24ஆம் நாள், கொங்கணத்துப் பால்கட் என்னும் சிற்றூரில் பிறந்தார். வறுமையிலும் மானத்தோடு அவரை வளர்த்த அன்னை யசோதாபாயி 1917இல் காலமானார். பட்டம் பெற்ற சானே, 1924 முதல் அமள்நேர்ப் பள்ளியில் ஆசிரியரானார். 1930இல் நாட்டு விடுதலைக்காக அவ்வேலையைத் துறந்து சிறை புகுந்தார்.

திருச்சிராப்பள்ளிச் சிறையில் இருந்தபோது அவர் தமிழ் கற்றார். பின்னர்த் திருக்குறளை மராத்தியில் மொழிபெயர்த்தார். 1933இல் நாசிக் சிறையில், மறைந்த தம் அன்னையை நினைந்து ‘சியாம்சி ஆயி’யை எழுதினார். வளர்ந்த சியாம் தோழர்க்கு இரவுதோறும் கதை சொல்வதாக அமைந்தது அந்நூல். குளித்த ஈரக்காலில் மண் ஒட்டலாகாது எனச் சிறுவன் அடம்பிடிக்க, அன்னை தன் சேலையை விரித்து, மனமும் அவ்வாறே மாசுபடாது காக்கப்பட வேண்டும் என உணர்த்தும் இடம் கல் நெஞ்சையும் கரைக்கும்.

1947இல் பண்டரிபுரத்து விட்டலன் ஆலயம் தாழ்த்தப்பட்டோர்க்கும் திறக்கப்பட வேண்டுமென உண்ணாநோன்பு இருந்து வென்ற குருஜி, 1950 ஜூன் 11ஆம் நாள் மறைந்தார்.

மூன்றாண்டு கழித்து அந்நூல் திரைப்படமாயிற்று. எடுத்தவர் புனேக்கு அருகிலுள்ள சாஸ்வட் தந்த ஆச்சார்ய அத்ரே. மக்கள் நெஞ்சில் குடிகொண்ட நூலைப் படமாக்குதல் எளிதன்று. அவரவர் மனத்தில் ஓர் அன்னை முன்னரே இருப்பாள். எனினும் அத்ரே காதலையோ சண்டையையோ நாடாது, ஏழைத் தாயையும் மகனையுமே நம்பினார். வனமாலா அன்னையாகவும் மாதவ் வசே சியாமாகவும் நடித்தனர். 1954இல் முதன்முதலாக வழங்கப்பட்ட குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் இப்படத்தையே அடைந்தது. குருஜி இதனைக் காணக் கொடுத்து வைக்கவில்லை.

சிறைக்கொட்டடியில் அவர் நம் மொழியைக் கற்றார். நாமோ பல்லாண்டு இங்கே ஊழியம் புரிந்தும் கடைவீதி மராத்தியோடு நின்றுவிட்டோம். நம் பிள்ளைகள் மராத்தியைச் சரளமாய்ப் படிக்கின்றனர். தமிழ் எழுத்தில் தடுமாறுகின்றனர். இவ்வாண்டு இல்லந்தோறும் அப்படத்தைக் குடும்பத்தோடு காண்போம். பின்னர் பிள்ளைகள் நமக்கு அந்நூலைப் படித்துக் காட்டட்டும். நாம் அவர்களுக்குக் குறள் கற்பிப்போம். குருஜிக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே.