ஆர்தர் சிக்கார்

ஆர்தர் சிக்கார் (டிசம்பர் 17, 1876 – செப்டம்பர் 13, 1946) கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளரும் தொழில் முனைவோரும் ஆவார். சாலையில் தானே ஓடிச் சென்று பனியை அள்ளித் தொலைவில் வீசும் இயந்திரத்தை, நடைமுறைக்கு உகந்த வடிவில் முதன்முதலாக 1925ஆம் ஆண்டில் உருவாக்கியவர் இவரே. ஸ்நோபுளோயர் என வழங்கப்படும் இக்கருவி இன்று குளிர்நாடுகளின் நகரத் தெருக்கள், விமான நிலையங்கள், பண்ணைகள், வீட்டு முற்றங்கள் எனப் பல இடங்களிலும் பல அளவுகளில் பயன்படுகிறது.

இளமை

சிக்கார் மொன்றியல் தீவிலுள்ள சான் லெயொனார் டி போர் மொரீசு என்னும் சிற்றூரில் பிறந்தார். அக்காலத்தில் வேளாண் கிராமமாக இருந்த இவ்வூர், 2002 முதல் மொன்றியல் மாநகரின் ஒரு பகுதியாக உள்ளது. இவரது குடும்பம் பால் பண்ணை நடத்தியது. கறந்த பாலை மொன்றியல் நகருக்குக் கொண்டு சென்று விற்பதே குடும்பத்தின் வருவாய்.

மொன்றியலில் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு மீட்டருக்கும் கூடுதலான பனி பொழிகிறது. பெரும்பனிக்குப் பின் பண்ணைப் பாதைகள் அடைபட்டுவிடும். பசுக்களோ பனியைப் பார்த்துப் பால் சுரப்பதை நிறுத்துவதில்லை. நகருக்குச் செல்ல வழியில்லாத நாட்களில் பால் வீணானது. அன்றைய கியூபெக் கிராமங்களில் சாலைப் பனியை அகற்றும் வழக்கம் இல்லை. பெரிய மர உருளைகளைக் குதிரைகள் இழுத்துச் சென்று பனியை அமுக்கிக் கெட்டியாக்கும். அதன் மேல் சறுக்கு வண்டிகள் ஓடும். புதிய பனி ஆழமாக விழுந்தாலோ, காற்று பனியைக் குவித்தாலோ இம்முறை பயன் தரவில்லை.

கோதுமை வயலில் பிறந்த எண்ணம்

1894ஆம் ஆண்டில், பதினெட்டு வயதை நெருங்கிக் கொண்டிருந்த சிக்கார், அயலாரின் வயலில் கோதுமை அறுவடை இயந்திரம் ஒன்று வேலை செய்வதைக் கண்டார். சுழலும் அலகுகள் கதிர்களை உள்ளிழுத்துச் செல்வதைப் பார்த்த அவருக்கு, இதே முறையில் பனியையும் உள்ளிழுத்து அப்புறப்படுத்தலாம் என்ற எண்ணம் தோன்றியது. முதல் முயற்சியாக ஒரு மாதிரியைச் செய்தும் பார்த்தார். அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை.

இதற்குக் காலமும் ஒரு காரணமாகும். பனியை அள்ளவும் வீசவும் பெரும் ஆற்றல் வேண்டும். சாலையில் ஓடக்கூடிய அளவுக்குச் சிறியதும், இவ்வேலைக்கு ஈடுகொடுக்கும் வலிமையுடையதுமான பெட்ரோல் எஞ்சின்கள் அப்போது கிடைக்கவில்லை.

முன்னோடிகள்

சுழலும் அலகுகளால் பனியை அகற்றும் கருத்து சிக்காருக்கு முன்பே தொடருந்துப் பாதைகளில் இருந்தது. டொராண்டோவைச் சேர்ந்த பல் மருத்துவர் ஜே. டபிள்யூ. எலியட் 1869இல் இத்தகைய பனிக்கலப்பை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் ஒன்றாரியோவின் ஆரஞ்சுவில் நகரைச் சேர்ந்த ஆரஞ்சு ஜல் அவ்வடிவமைப்பை மேம்படுத்தினார். அதன் அடிப்படையில் லெசுலி சகோதரர்கள் செய்த இயந்திரம் 1880களில் கனடியத் தொடருந்துப் பாதைகளில் பயன்பாட்டுக்கு வந்தது. எனினும் அவை பெரிய நீராவி இயந்திரங்கள். தண்டவாளத்தின் மீது வேறொரு எஞ்சின் தள்ளிச் செல்ல வேண்டியவை. சாலைகளுக்கு அவை பயன்படவில்லை.

இயந்திரத்தின் உருவாக்கம்

சிக்கார் பண்ணையை விட்டு மொன்றியலுக்குச் சென்று, சாலைப் பணிகளில் ஈடுபட்டு, பின்னர் ஒப்பந்ததாரர் ஆனார். இத்தொழில் அவருக்குக் கனரக இயந்திரங்களைப் பற்றிய அறிவையும், முயற்சியைத் தொடர்வதற்கான பொருளையும் தந்தது. 1920களில் மோட்டார் வாகனங்கள் பெருகின. அதுவரை பலர் குளிர்காலம் முழுவதும் தம் கார்களை ஓட்டாமல் நிறுத்தி வைத்தனர். சறுக்கு வண்டிக்குக் கெட்டியான பனி போதும். மோட்டார் வாகனத்துக்கோ பனி நீங்கிய சாலை தேவை. இவ்வாறு இயந்திரத்துக்கான எஞ்சினும் அதற்கான தேவையும் ஒரே காலத்தில் அமைந்தன.

வயலில் எண்ணம் தோன்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1925இல் சிக்கார் தமது இயந்திரத்தை முழுமையாக்கினார். 1927இல் அதனை மொன்றியலை அடுத்த ஊத்திரமோன் நகர நிர்வாகம் வாங்கியது. இதுவே இவரது முதல் விற்பனையாகும்.

அமைப்பும் செயற்பாடும்

சிக்காரின் இயந்திரம் மூன்று பகுதிகளைக் கொண்டது.

முதலாவது, நான்கு சக்கரங்களும் இயங்கும் ஒரு லாரியின் அடிச்சட்டமும் அதன் எஞ்சினும்.
இரண்டாவது, முன்புறத்தில் பனியை அள்ளும் பகுதி.
மூன்றாவது, பனியை வீசும் பகுதி. இதற்கெனத் தனி எஞ்சினும், திசை திருப்பக்கூடிய இரண்டு வீசுகுழல்களும் இருந்தன.

இளகிய பனி, கெட்டியான பனி, இறுகிய பனி ஆகிய மூன்றையும் இது அள்ளியது. பனியை 90 அடிக்கும் (சுமார் 27 மீட்டர்) அப்பால் வீசவோ, பக்கத்தில் வரும் லாரியில் நேரே நிரப்பவோ முடிந்தது.

வீசும் பகுதிக்குத் தனி எஞ்சின் அமைத்தது இவ்வடிவமைப்பின் முக்கியக் கூறாகும். ஆழமான பனியில் வாகனம் மிக மெதுவாக நகர வேண்டும். விசிறியோ எப்போதும் வேகமாகச் சுழல வேண்டும். ஒரே எஞ்சின் இரண்டையும் இயக்கினால், வண்டியின் வேகம் குறையும்போது வீசும் வேகமும் குறைந்து குழல் அடைத்துக்கொள்ளும்.

கலப்பை பனியை ஓரமாக ஒதுக்க மட்டுமே செய்யும். ஒவ்வொரு பனிப்பொழிவிலும் ஓரத்துக் குவியல் உயர்ந்து சாலை குறுகிக்கொண்டே வரும். தொலைவில் வீசுவதால் குவியல் உண்டாவதில்லை. நகரங்களில், மண்வாரியால் அள்ளி வண்டிகளில் ஏற்றும் ஆட்களின் வேலையையும் இவ்வியந்திரம் விரைவுபடுத்தியது.

பண்ணைகளில் பனிவீசி

சிக்காரின் இயந்திரங்கள் நகரங்களுக்கும் நெடுஞ்சாலைகளுக்கும் உரியவை. எந்தப் பண்ணைப் பாதையின் இடரிலிருந்து இவ்வெண்ணம் பிறந்ததோ, அப்பாதைகளை இன்று துப்புரவாக்குவது டிராக்டரில் பொருத்தப்படும் பனிவீசியே. டிராக்டர் எஞ்சினின் ஆற்றலைப் பின்னால் உள்ள கருவிக்குத் தரும் பி.டி.ஓ. தண்டு 1918 அளவில் விற்பனைக்கு வந்த டிராக்டர்களில் இடம்பெற்றது. பின்னர் நிமிடத்துக்கு 540 சுற்றுகள் என்பது பொதுவான அளவாயிற்று.

சிக்கார் தனி எஞ்சினால் தீர்த்த சிக்கல் இங்கும் எழுந்தது. பழைய டிராக்டர்களில் கிளட்சை அழுத்தினால் வண்டியுடன் பி.டி.ஓ. தண்டும் நின்றுவிடும். வண்டி நின்றாலும் தண்டு தொடர்ந்து சுழலும் ஏற்பாட்டைப் பெற்ற தொடக்ககால டிராக்டர்களுள், கனடாவின் காக்சட் நிறுவனம் 1946இல் வெளியிட்ட 30ஆம் மாதிரி குறிப்பிடத்தக்கது.

டிராக்டர் பனிவீசியில் அகன்ற திருகு ஒன்று பனியை நடுவில் சேர்க்க, பின்னுள்ள விசிறி அதனைக் குழல் வழியே எறிகிறது. எஞ்சின் வேகத்தைக் குறைக்காமல், தாழ்ந்த கியரில் மெதுவாகச் செல்வதே முறையாகும். காற்று வீசும் திசையிலேயே பனியை எறிய வேண்டும். சரளைப் பாதைகளில் திருகு கற்களை வாராதிருக்க, அடியிலுள்ள சறுக்குக் கட்டைகளைத் தாழ்த்திக் கருவியைச் சற்று உயர்த்தி வைப்பர். கல்லோ மரக்கட்டையோ சிக்கினால் முதலில் உடையுமாறு மெல்லிய போல்ட் ஒன்று பொருத்தப்படுகிறது. அது உடைந்து விலையுயர்ந்த பற்சக்கரங்களைக் காக்கிறது. அடைத்த குழலைக் கையால் துப்புரவாக்குவது விரல்களை இழக்கச் செய்யும். எஞ்சினை நிறுத்தி, சுழற்சி அடங்கிய பின் கோலால் மட்டுமே அடைப்பை நீக்க வேண்டும்.

மறைவும் மரபும்

சிக்கார் 1946 செப்டம்பர் 13 அன்று தமது 69ஆம் வயதில் காலமானார். அவர் பெயரிலான நிறுவனம் அவருக்குப் பின்னரும் பனிவீசிகளையும் கனரக வாகனங்களையும் தயாரித்தது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க நிறுவனம் ஒன்று அதனை வாங்கியது. பாலை நகருக்குக் கொண்டு செல்ல வழி தேடிய பண்ணை இளைஞரின் எண்ணம், குளிர்காலத்திலும் சாலைகள் திறந்திருப்பதை வட அமெரிக்காவில் இயல்பான ஒன்றாக்கியது.