சொற்களுக்கு வரிசை தந்த முனிவர்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

தமிழுக்குத் தொண்டாற்றிய மேனாட்டார் வரிசையில் வீரமாமுனிவருக்குத் தனியிடம் உண்டு. தேம்பாவணி பாடிய புலவராகவும், பரமார்த்த குருவின் கதையால் நம்மைச் சிரிக்க வைத்தவராகவும் அவரைப் பள்ளியிலேயே அறிவோம். கணினி பயிலும் நான் அவரைப் போற்ற வேறொரு காரணமும் உண்டு. பட்டியலில் திரும்பத் திரும்ப வருவனவற்றை ஒன்றாக்கி ஒழுங்குபட அடுக்கும் கலையில் அவர் எங்களுக்கு முன்னோடி.

இத்தாலி நாட்டில் 1680-ஆம் ஆண்டு பிறந்த அவரது இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இயேசு சபைத் துறவியாகித் தம் முப்பதாம் வயதையொட்டித் தமிழகம் வந்தார். தாய்மொழி வேறாயினும், தமிழை எழுத்தெண்ணிக் கற்றார். ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணியாற்றினார். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியும், ஐந்திலக்கணம் கூறும் தொன்னூல் விளக்கமும் அவர் உழைப்பின் பயன்கள்.

அக்காலத்தில் சொற்பொருள் அறிய நிகண்டுகளே துணை. அவை செய்யுளால் ஆனவை. மனப்பாடம் செய்தவருக்கே பயன்படுபவை. ‘மா’ என்னும் சொல் மரத்தின் பெயர்களோடும் வரும்; விலங்கின் பெயர்களோடும் வரும். பல பொருள் தரும் சொற்களுக்கென நிகண்டில் தனித் தொகுதி உண்டு எனினும், அதுவும் செய்யுளே. 1594-இல் சிதம்பரம் இரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு அகர வரிசையை நாடிற்று. அதுவும் செய்யுளாகவே அமைந்தது.

வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என அதற்கு நான்கு பகுதிகள். செய்யுளை விடுத்து, ஒரு சொல்லை ஓரிடத்தில் நிறுத்தி, அதன் பொருள்களை அருகே அடுக்கினார். சொல் ஒன்றாயிற்று, பொருள் ஒன்றும் குறையவில்லை. அந்நூல் 1824-இல் சென்னையில் முழுமையாக அச்சேறியது.

இதனினும் நுட்பமானது அவர் செய்த எழுத்துச் சீர்திருத்தம். ஓலைச்சுவடியில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. அதனால் ‘கொடு’ என்பதும் ‘கோடு’ என்பதும் ஒரே வடிவாய்த் தோன்றும். முனிவர் நெட்டெழுத்துக்கு வேறு வடிவு தந்து இக்குழப்பத்தை நீக்கினார். ஒன்றானவற்றைச் சேர்த்தவரே, வேறானவற்றைப் பிரித்தும் காட்டினார்.

இவ்விரு பணிகளும் இன்று கணினியின் முன் நிற்கின்றன. ‘கோ’ என்னும் எழுத்தை யூனிகோடில் இருவகையாகப் பதியலாம். கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும்; எழுதுபவர் முன்கூட்டி வகைசெய்யாவிடில் கணினி இரண்டாகவே எண்ணும். குறியீட்டு எண்படி அடுக்கினால் னகரம் நகரத்தை அடுத்தே வந்துவிடும். நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். இரட்டிப்பை நீக்கும் கட்டளை ஒரே வரிதான். எது இரட்டிப்பு என்று தீர்மானிப்பதே அறிவு.

காஞ்சியில் பிறந்த எனக்கு இது ஏட்டுக் கல்வி அன்று. கோயில்களின் பெயரால் எங்கள் தெருவில் ஏகாம்பரங்களும் வரதராஜன்களும் பலர். நெசவாளருக்கான உதவிப் பட்டியல் ஒன்றில் என் தந்தையின் பெயர் விடுபட்டது. அதே பெயரும் அதே முதலெழுத்தும் உடைய இன்னொருவர் இருந்தமையால், இருவரும் ஒருவரென எண்ணி ஒரு வரியை நீக்கிவிட்டனர். தறி இரண்டு, குடும்பம் இரண்டு, பசியும் இரண்டு; பட்டியலில் மட்டும் ஆள் ஒருவர். பாவில் இழைகள் ஒன்றுபோலத் தோன்றினாலும், அச்சில் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் உண்டு என்பதைத் தறியில் அமர்ந்தவர் அறிவர்.

1747-இல் முனிவர் மறைந்தார். 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. நாளை நம்மில் பலர் அலுவலகங்களில் அமர்ந்து பெயர்ப் பட்டியல்களைக் கையாளப் போகிறோம். ஒரு வரியை நீக்குமுன் பெயரை மட்டும் பாராது, தந்தை பெயர், கதவு எண், பிறந்த நாள் ஆகியவற்றையும் ஒப்பிடுவோம். ஒரு புள்ளியால் சொல் மாறும் என்றுணர்ந்து உழைத்த அம்முனிவருக்கு நாம் செய்யும் நன்றி அதுவே.