தையற்காரர் மகன் கண்ட வெப்பக் கணக்கு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் லீ வட்டத்தகட்டைக் கொண்டு அட்டைத் துண்டின் வெப்பங்கடத்து திறனைக் கண்டறியும் சோதனை உண்டு. எனக்கு இருமுறை விடை பிழைத்தது. மூன்றாம் முறை, தகடுகளின் வெப்பநிலை நிலைபெறட்டும் என்று காத்திருந்தபோதுதான், இந்தச் சூத்திரத்தை முதலில் கண்டவர் யாரோ என்ற எண்ணம் எழுந்தது. நூலகத்தில் தேடினேன். அவர் ஒரு தையற்காரரின் மகன்! என் தந்தையும் தையற்காரரே. அன்றிரவு அந்நூலை மூடவே மனமில்லை.

ழோசப் ஃபூரியே 1768இல் பிரான்சின் ஓசேர் நகரில் பிறந்தார். பத்து வயதை ஒட்டித் தாய் தந்தை இருவரையும் இழந்தார். கணிதத்தில் முதல்வராக விளங்கியும் பீரங்கிப் படையில் இடம் கிடைக்கவில்லை. அவர் உயர்குடியில் பிறக்கவில்லை என்பதே காரணம். இவ்விடத்தைப் படித்ததும் சற்று நேரம் மேலே படிக்க முடியவில்லை.

பின்னர் புரட்சி வந்தது; 1794இல் சிறையும் கண்டார். 1798இல் நெப்போலியனுடன் எகிப்து சென்றார். திரும்பியபின் கிரெனோபிளில் மாவட்ட ஆட்சியரானார். கோப்புகளுக்கு இடையே இரும்பு வளையத்தைச் சூடேற்றி, வெப்பம் பரவும் விதத்தை அளந்தார். வெப்பநிலைச் சரிவு எவ்வளவோ, அதற்கேற்ப வெப்பம் பாயும் என்பது அவர் கண்ட விதி. 1807இல் அளித்த கட்டுரையை லக்ராஞ்சு போன்ற பெரியோர் ஏற்கவில்லை. 1812இல் பரிசு தந்தார்கள்; குறையும் கூறினார்கள். நூல் வெளிவர 1822 ஆயிற்று! பதினைந்து ஆண்டுகள்!

அணு அதிர்வைப் பற்றி அவர் ஏதும் அறியார். ஆயினும் இன்று பீங்கான் வகைகளை ஆய்வோருக்கும் அவர் விதியே அடிப்படை. அலுமினா போன்ற பீங்கான்களில் வெப்பம் அணுக்களின் அதிர்வலையாகச் செல்கிறது. அப்பொருள் எண்ணற்ற நுண்மணிகள் ஒட்டிய கூட்டம். ஒவ்வொரு மணியின் எல்லையிலும் அலை சிதறுகிறது. மணி சிறுத்தால் எல்லைகள் பெருகும். வெப்பம் தயங்கித் தயங்கிச் செல்லும். ஜெட் இஞ்சினின் உலோக இதழ்களைக் கடும் வெப்பத்திலிருந்து காப்பதும் சிர்க்கோனியா என்னும் பீங்கான் பூச்சே.

வெப்பத்தை அளந்தவருக்குக் குளிர்தான் தீராத் தொல்லை! எகிப்திலிருந்து திரும்பியபின் சூடான அறையிலும் கனத்த உடையோடு இருப்பாராம். 1830 மே மாதம் மாடிப்படியில் விழுந்தார். 16ஆம் நாள் பாரிசில் காலமானார்.

மூன்றாம் முறை எனக்கு விடை சரியாக வந்தது.