மாசம் 1,000 ரூபாய் வருதே... அந்தத் திட்டத்தோட பெயருக்குப் பின்னாடி ஒரு 42 நாள் நடை இருக்கு!

மாசம் பொறந்தா 1,000 ரூபாய் வரவுன்னு உங்க போனுக்கு மெசேஜ் வருதா? உங்களுக்கு இல்லைன்னாலும் தங்கச்சிக்கோ, கிளாஸ்மேட்டுக்கோ வந்திருக்கும். அரசுப் பள்ளியில 6-ம் வகுப்பிலிருந்து 12 வரை படிச்சுட்டு காலேஜுக்குப் போற பொண்ணுங்களுக்கான 'புதுமைப் பெண்' திட்டம் அது. அதோட முழுப் பெயரைக் கவனிச்சிருக்கீங்களா? மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம்.

ஃபார்ம் நிரப்புற அவசரத்துல அந்தப் பெயரைத் தாண்டிப் போயிருப்பீங்க. அஞ்சு நிமிஷம் கொடுங்க, யாருன்னு சொல்றேன்.

10 ரூபாயும் ஒரு பழைய புடவையும்

1883-ல திருவாரூர்ல பிறந்தவர் இராமாமிர்தம். வீட்டுல கொடுமையான வறுமை. சின்னக் குழந்தையா இருக்கும்போதே, 10 ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் அவரை ஒரு தேவதாசிக்கு விற்றுவிட்டார்கள். மயிலாடுதுறை பக்கத்துல இருக்கிற மூவலூர்ல வளர்ந்தார். பாட்டு, நடனம், சம்ஸ்கிருதம், தெலுங்குன்னு எல்லாம் கற்றுக்கொண்டார். ஆனா, அந்தக் கல்வி எதுக்குன்னு ஊருக்கே தெரியும். கோயிலில் பொட்டு கட்டுவார்கள். அப்புறம் வசதியான யாரோ ஒருவருக்கு ஆசைநாயகி. அந்தப் பெண்ணோட சம்மதத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

இராமாமிர்தம் மறுத்தார். தனக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த சுயம்பு பிள்ளையையே கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் காலத்துல அந்தக் குலத்துப் பெண்ணுக்குக் கல்யாணம்ங்கிறதே ஒரு கலகம்.

தான் தப்பித்தது போதும்னு அவர் உட்காரலை. காங்கிரஸ்ல சேர்ந்து, கதர் கட்டி, ஊர் ஊராகப் போய் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகப் பேசினார். பிறகு பெரியாரோடு சேர்ந்து சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார். 1936-ல 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'னு ஒரு நாவலும் எழுதினார்.

ஓர் உத்தரவு, 125 பள்ளிகள்

1938 ஏப்ரல். சென்னை மாகாணத்துல ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் ஆட்சி. 125 உயர்நிலைப் பள்ளிகள்ல இந்தி கட்டாயப் பாடம்னு அரசு உத்தரவு போட்டுச்சு. விடுதலை அடையப்போற நாட்டுக்குப் பொதுமொழி ஒண்ணு வேணும்கிறது அரசு தரப்பு நியாயம். வடக்கே வேலைக்குப் போறவங்களுக்கும் உதவும்னு சொன்னாங்க.

எதிர்த்தவங்க கேட்டது வேற. தன் தாய்மொழியையே பள்ளியில ஒழுங்காப் படிக்க வாய்ப்பில்லாத வீடுகள்லேர்ந்து முதல் தலைமுறையா வர்ற பிள்ளைக்கு, இன்னொரு மொழியை ஏன் கட்டாயமாக்கணும்? அதைப் பெத்தவங்களைக் கேட்காமல் மேலேயிருந்து முடிவு செய்யலாமா? மறைமலையடிகள், சோமசுந்தர பாரதியார் மாதிரியான தமிழறிஞர்களும் எதிர்ப்பில் இறங்கினார்கள்.

ஆனா, மேடையில் அறிஞர்கள் பேசுறது கிராமத்துக்குப் போய்ச் சேரணுமே? அன்னைக்கு வாட்ஸ்அப் ஃபார்வர்டு இல்லை. பல ஊர்கள்ல பேப்பர் படிக்கவே ஆள் கிடையாது. இருந்தது ஒரே வழி... நடக்கிறது!

1938 ஆகஸ்ட் 1-ம் தேதி, திருச்சியிலிருந்து சென்னைக்குக் கிட்டத்தட்ட 100 பேர் கொண்ட படை கிளம்பியது. தலைமை குமாரசாமிப் பிள்ளை. கூட பட்டுக்கோட்டை அழகிரி. ஆண்கள் நிறைஞ்ச அந்தக் கூட்டத்துல, 55 வயசு இராமாமிர்தமும் நடந்தார். இன்னைக்கு மேப் போட்டுப் பார்த்தா கார்ல ஆறு மணி நேரம் காட்டும். அவங்களுக்கு 42 நாள் ஆச்சு. ஏன்னா, குறுக்கு வழியில போகலை. 234 கிராமங்கள், 60 நகரங்கள் வழியா சுத்திச் சுத்திப் போனாங்க. 87 பொதுக்கூட்டங்கள் நடத்தினாங்க. செப்டம்பர் 11-ம் தேதி சென்னைக்கு வந்து சேர்ந்தாங்க.

கைக்குழந்தையோட ஜெயிலுக்கு!

வந்த களைப்பு தீர்ந்துச்சோ இல்லையோ, நவம்பர் 13-ல சென்னையில் பெண்கள் மாநாடு. மறுநாளே டாக்டர் தருமாம்பாள், இராமாமிர்தம் உள்ளிட்ட பெண்கள் ஒரு பள்ளி வாசல்ல மறியல் செய்து கைதானார்கள். இராமாமிர்தத்துக்கு ஆறு வாரம் சிறை. அந்தப் போராட்டத்துல மொத்தம் 73 பெண்கள் ஜெயிலுக்குப் போனாங்க. வீட்டுல விட ஆளில்லாமல் அவங்களோடு 32 குழந்தைகளும் உள்ளே போச்சு. பிள்ளைகள் என்ன படிக்கணும்கிற சண்டைக்காக, பிள்ளைகளோடவே சிறைக்குப் போன அம்மாக்கள்!

விலை இன்னும் பெருசாச்சு. சிறைக்குப் போன நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் இறந்துபோனார்கள். அந்த வருஷம் அக்டோபர்ல காங்கிரஸ் அமைச்சரவை ராஜினாமா செஞ்சது. அதுக்குக் காரணம் இந்திப் போராட்டம் இல்லை. இந்தியாவைக் கேட்காமலேயே பிரிட்டிஷ் அரசு உலகப் போரில் இழுத்துவிட்டதுதான். 1940 பிப்ரவரி 21-ல, கட்டாய இந்தி உத்தரவை ஆளுநர் ஆட்சி திரும்பப் பெற்றது.

ரெண்டாவது ஜெயிப்பு

1947-ல தேவதாசி ஒழிப்புச் சட்டமும் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் தொடங்கிய வேலை அது. அதையே ஊருக்குள்ள, திட்டு வாங்கிக்கிட்டு செஞ்சவர் இராமாமிர்தம்.

1949-ல் பெரியார் - மணியம்மை திருமணத்தை ஒட்டி இயக்கம் பிளந்தது. இத்தனை வருஷம் கூட நடந்த தலைவரை விட்டு விலகி, அண்ணா பக்கம் வந்தார். சரின்னு படாத இடத்துல நிக்கிற பழக்கம் அவருக்கு எப்பவுமே கிடையாது. 1962 ஜூன் 27-ல் காலமானார்.

1989-ல் அவர் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் வந்தது. 8-ம் வகுப்பு வரை படிச்சிருந்தா 5,000 ரூபாய். அந்தப் பணத்துக்காகவே மகளை எட்டாவது வரைக்கும் அனுப்பின வீடுகள் உண்டு. 2022-ல அதே திட்டம் மாறி, கல்யாணத்துக்கான பணம் காலேஜுக்கான பணமா ஆச்சு.

அடுத்த மாசம் அந்த மெசேஜ் வரும்போது, ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. 10 ரூபாய்க்கு விலை போன ஒரு குழந்தையோட பெயர்ல, உங்க படிப்புக்கு 1,000 ரூபாய் வந்திருக்கு. என்ன படிக்கணும், எதுவரைக்கும் படிக்கணும்னு முடிவு பண்றது இனி நீங்கதான்.