கரியமாணிக்கம் கிருஷ்ணனும் ஒரு ஸ்டேப்ளர் பின்னும்

சிவகாசி ஆஃப்செட் பிரஸ்ல ஃபீடர் மெஷின் ஓடுறதைப் பார்த்திருக்கீங்களா? உறிஞ்சு குழாய் ஒவ்வொரு தாளாகத் தூக்கி உள்ளே தள்ளும். அந்தத் தாளோடு ஒரு ஸ்டேப்ளர் பின் போய்விட்டால், ரப்பர் பிளாங்கெட்டில் பள்ளம் விழும். அப்புறம் அடிக்கிற ஒவ்வொரு காலண்டரிலும் அதே தழும்பு. பின் உள்ளே போகும் முன்பே காந்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். அதற்காகப் படித்தபோது கிடைத்தவர்தான் கே. எஸ். கிருஷ்ணன்.

முழுப்பெயர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன். பெயரிலேயே நம்ம பக்கத்து வாசனை இருக்கு, திருநெல்வேலி டவுனில் கரியமாணிக்கப் பெருமாள் கோயில் உண்டு. பிறந்தது 1898 டிசம்பர் 4, வத்திராயிருப்பில். எங்க கீழப்பாவூரிலிருந்து தென்காசி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று மலையை இடது கையில் வைத்துக்கொண்டே வடக்கே போனால் வருகிற ஊர். சிவகாசியும் அங்கிருந்து தூரமில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அங்கேயே கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் யார் வேண்டுமானாலும் வந்து எந்தச் சந்தேகமும் கேட்கலாம் என்று உட்கார்ந்துவிடுவாராம். 1920களில் கல்கத்தா போய் சி. வி. ராமனிடம் சேர்ந்தார். 1928 பிப்ரவரியில் ராமன் விளைவு. அதை அறிவித்து நேச்சர் இதழில் வந்த கடிதத்தில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருக்கிறது. 1930ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும். நம்ம புத்தகங்களில் கிருஷ்ணன் வந்தாலும், அந்த ஒரு வரியோடு முடிந்துவிடுகிறார். எனக்கு அது நியாயமாகத் தெரியவில்லை. ஏனென்றால் அவருடைய சொந்த வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

1928 டிசம்பரில் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடராகச் சேர்ந்தார். அங்கே எடுத்துக்கொண்டது படிகங்களின் காந்தத்தன்மை. காகிதம், நாப்தலீன் மாதிரி பொருட்களைக் காந்தம் ஒன்றும் செய்யாது என்று நினைப்போம். செய்யும், ஆனால் ரொம்ப லேசாக விலக்கும். காந்த ஏற்புத்திறன் சுமார் லட்சத்தில் ஒரு பங்குதான். படிகத்தில் அதுவும் திசைக்குத் திசை மாறும். இதை எப்படி அளப்பது?

படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, காந்தத்தின் இரு துருவங்களுக்கு நடுவே தொங்கவிட்டார். காந்தம் அதைத் தனக்குப் பிடித்த திசையில் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே இழையைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் படிகமும் மெல்லத் திரும்பும். 45 டிகிரி தாண்டினதும் பிடி விட்டுப்போய்ச் சடாரென்று சுழலும். அதுவரை எவ்வளவு முறுக்கினோம் என்ற கணக்கிலிருந்து, இரண்டு திசைகளுக்கும் உள்ள வித்தியாசம் கிடைத்துவிடும்.

இன்னொரு முறை எனக்கு இதைவிடப் பிடித்தது. படிகத்தை ஒரு திரவத்தில் வைத்து, ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் வலுக்குறைவாகவும் இருக்கிற காந்தப்புலத்தைக் கொடுப்பார். படிகம் நகரும். திரவத்தில் கரைந்திருக்கும் உப்பின் அளவை மாற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் காந்தத்தைப் போட்டாலும் படிகம் அசையாது. அப்போது இரண்டின் காந்தத்தன்மையும் ஒன்று. திரவத்தை அளப்பது சுலபம், அதை அளந்தால் படிகத்தை அளந்த மாதிரிதான்.

எங்கள் ஃபீடர் சென்சாரும் இதே யோசனையில்தான் ஓடுகிறது. கிருஷ்ணன் இந்த மெஷினுக்காக எதையும் செய்யவில்லை, சென்சாருக்குள் இருப்பதும் 1879ல் எட்வின் ஹால் கண்ட விளைவு. ஆனால் ஒரே ஒரு ஹால் சென்சார் வைத்தால் காந்தத்தின் சொந்தப் புலமே பெரிதாக வந்து பின்னை மறைத்துவிடும். இரண்டு சென்சாரை வைத்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், வெறும் தாள் போகும்போது விடை பூஜ்யம். பின் வந்தால் பூஜ்யம் கலையும். (இரும்புக்கு மட்டும்தான் இது. அலுமினியத் துண்டு தப்பிவிடும், அதற்கு எடி கரன்ட் காயில் வேண்டும்.)

அந்த அளவுகளை வைத்து நாப்தலீன், ஆந்த்ரசீன் படிகங்களுக்குள் தட்டையான மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கின்றன என்று சொன்னார். எக்ஸ்ரே முடிவுகளோடு அது ஒத்துப்போனது. 1933ல் கல்கத்தா திரும்பியபின் கிராஃபைட். தாள் கட்டு போல அடுக்கடுக்காக இருக்கும் பொருள் அது. அடுக்குக்குச் செங்குத்தான திசையில் அதன் விலக்கம் பல மடங்கு அதிகம். உங்க பென்சிலில் இருக்கிற அதே கிராஃபைட்தான்.

1940ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1942ல் அலகாபாத், 1946ல் சர் பட்டம். 1947ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் டைரக்டர். ஃபைல் பார்க்கிற அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகும், வெற்றிடத்தில் மின்சாரத்தால் சூடாகும் கம்பியில் வெப்பம் எப்படிப் பரவியிருக்கும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். 1961 ஜூன் 14ல் இறந்தார்.